ஓடாத தண்ணீர்

தூண்டில் முள் மறுபடியும் மாட்டிக்கொண்டது. காட்டிலாகாவினர் ஏரிக்குள் நட்டுவிட்டுப் போன கருவேல மரங்கள் ஐப்பசி மழையில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தன. ஒடிந்து விழுந்த ஏதோ ஒரு கிளை அடியில் கிடந்திருக்க வேண்டும். அண்ணி தூண்டில் நரம்பைச் சுண்டிப் பார்த்தாள். வரவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். எருமை ஓட்டி வந்த சவுரிராயன் கரைமேல் நின்றுவிட்டான்.

"இன்னா காவேரிக்காரம்மா, மீனு வரலன்னு நீயே உள்ள போறியா?"

"ஆமாண்ணே. உங்க ஊரு மீனுக்கு வெக்கம் ஜாஸ்தி. கையப் புடிச்சுத்தான் கூட்டியாரணும்" என்றாள் அவள், திரும்பாமலேயே.

குனிந்து துழாவி முள்ளை விடுவித்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவள் கையில் முழங்கை வரைக்கும் கறுப்பாகச் சேறு அப்பியிருந்தது. நரம்பில் தொங்கிய ஈயக்குண்டும் சேற்று உருண்டையாக இருந்தது. அண்ணி அதைக் கழுவவில்லை. தன் கையையும் குண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தபடி நின்றாள்.

அண்ணியின் பெயர் பொன்னாயி, ஊர் முசிறி. அண்ணன் தேவநாதன் அந்தப் பக்கம் லாரி ஓட்டியபோது பேசி முடித்த கல்யாணம். பாத்திரம் பண்டங்களோடு ஒரு மூங்கில் தூண்டிலும் வந்து இறங்கியதை எங்கள் தெருவே வேடிக்கை பார்த்தது. அவள் அப்பா காவிரியில் பரிசல் ஓட்டுகிறவர். அந்தக் குண்டு அவரே ஈயத்தை உருக்கி மணலில் வார்த்தது. ஓடுகிற தண்ணீரில் இரையை ஓரிடத்தில் நிறுத்திவைக்க அந்தக் கனம் வேண்டுமாம். நரம்பை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாலும், கடிப்பது கெண்டையா கெளுத்தியா என்று விரலே சொல்லிவிடுமாம். எங்கள் ஊருக்கு வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அந்த விரல் இங்கே எதுவும் சொல்லவில்லை.

நான் அவளுக்குத் துணை. புது மருமகள் ஏரிக்கரையில் தனியாக உட்காரக் கூடாது என்பது அம்மாவின் நிபந்தனை. "ஏரி மீனு இன்னா உங்கப்பன் ஊட்டு ஆடா, கூப்ட்ட ஒடனே ஓடியார?" என்று கேலி செய்தாலும் தடுக்கவில்லை. பகலில் திண்டிவனத்து மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டைகளுக்குக் கணக்கு எழுதும் வேலை, சாயங்காலம் டைப் கிளாஸ் என்று போய்விடுகிற எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு. காற்று எந்தப் பக்கம், இரை மண்புழுவா மாவா, மேகம் உண்டா என்று ஒவ்வொரு வாரமும் டைரியில் ஒழுங்காகக் குறித்தேன். எதுவும் புலப்படவில்லை. நான் எழுதுவதில் எது தேவையானது என்று எனக்கு ஒருபோதும் தெரிந்ததில்லை.

கரையேறியதும் அண்ணி சொன்னாள். "அடுத்த ஞாயித்துக்கிழம எங்கப்பா வர்றாரு தம்பி."

விஷயம் எனக்குத் தெரியும். ஆடிக்குத் தாய்வீடு போனபோது, அங்கே தண்ணீர் எப்படி என்று அவர் கேட்டிருக்கிறார். உண்மையைச் சொன்னால் அழுதுவிடுவோம் என்ற பயத்தில், ஏரி நிறைய விரால், வாரத்துக்கு ஒன்று பிடித்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டாள். அப்படியானால் வந்து உன் கையால் பிடித்த விராலைச் சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்புவேன் என்றிருக்கிறார் அவர்.

"சந்தையில உயிர் விராலு கெடைக்கும் அண்ணி. சனிக்கிழம கிளாஸ் முடிச்சி வாங்கியாரட்டுமா?"

"எங்கப்பா வாயத் தொறந்து பாப்பாரு. வலையில விழுந்த மீனுக்கு முள்ளு கிழிச்ச காயம் இருக்காது."

"நாமளே முள்ளால குத்திட்டா?"

அண்ணி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "டைப் அடிக்கிற புத்தி. தப்பு விழுந்தா அதுமேலயே இன்னொரு எழுத்த அடிச்சுரலாம்னு." பிறகு சிரிப்பு நின்றது. "அவரு மீனைப் பாக்க வரல தம்பி. என்னயப் பாக்க வர்றாரு. மீனு பொய்யின்னா, நல்லா இருக்கேன்னு சொன்னதும் பொய்யின்னு நெனச்சுக்குவாரு."

அந்த வாரம் துணி துவைக்க ஏரிக்குப் போனவள் தினமும் தாமதமாகவே திரும்பினாள் என்று அம்மா முணுமுணுத்தாள். ஒருநாள் நான் கிளாஸ் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணி கேட்டாள். "விராலு மூச்சு வாங்க மேல வருதே, பாத்திருக்கீங்களா? அல்லி எல ஓரத்துல, வந்த எடத்துக்கே திரும்பத் திரும்ப வருது. ஆத்துல இது தெரியாது. தண்ணி ஓடி அழிச்சுரும்."

நான் பார்த்ததில்லை. அந்த ஏரியில்தான் நீந்தக் கற்றுக்கொண்டேன்.

"இத்தன நாளா மீனுக்குச் சோத்த சேத்துக்குள்ள பொதச்சு வச்சிருக்கேன்" என்றபடி தூண்டிலை எடுத்து, குண்டு கட்டியிருந்த இடத்தில் நரம்பைப் பல்லால் கடித்தாள். குண்டு உள்ளங்கையில் விழுந்தது. அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

டைப் கிளாஸில் எங்களிடம் எழுத்துகளைப் பார்க்காதே என்பார்கள். விரலுக்குத் தெரிய வேண்டும், கண் எதற்கு என்பார்கள். அண்ணி அதற்கு நேர்மாறாக, விரலுக்குத் தெரிந்ததை ஒதுக்கிவிட்டுக் கண்ணிலிருந்து தொடங்குகிறாள் என்று தோன்றியது. புதிதாக ஒன்றைக் கற்பதற்கே நான் இவ்வளவு தடுமாறுகிறேன். நன்றாகத் தெரிந்த ஒன்றைக் கீழே வைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். சரியாகத்தான் நினைக்கிறேனா என்பது தெரியவில்லை.

ஞாயிறு விடிந்ததும் ஏரிக்குப் போனோம். முள்ளில் குட்டித் தவளையைக் கோத்து அல்லி இலைமேல் போட்டு, தவளை தானே தத்துவதுபோல இழுத்தாள். ஒருமுறை அடியிலிருந்து மீன் முட்டி இலை தூக்கிப் போட்டது. அவள் அவசரப்பட்டுவிட்டாள், வெறும் முள் வந்தது. அதன்பிறகு வெயில் ஏறும்வரை ஒன்றும் இல்லை.

கரைமேல் மஞ்சள் பையோடு ஒருவர் வருவது தெரிந்தது. விழுப்புரத்தில் இறங்கி முதல் டவுன் பஸ்ஸைப் பிடித்திருக்கிறார். சவுரிராயன் வழிகாட்டிக்கொண்டு வந்தான்.

"உம் பொண்ணு எப்பப் பாத்தாலும் இந்த ஏரியிலதான் பெரியவரே. ஆனா மீனு…"

அண்ணி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் பேச்சை நிறுத்தி, "எருமை பயிருல எறங்கிடுச்சி, ஜல்தியா ஓட்டியாரேன்" என்று நடந்துவிட்டான். எருமைகள் எங்கள் எதிரிலேயே தண்ணீரில் படுத்துக்கிடந்தன.

"வாங்கப்பா" என்றாள் அண்ணி.

அவர் காலியாக இருந்த கூடையைப் பார்த்தார். பையைக் கீழே வைத்துவிட்டுத் தூண்டிலை எடுத்து, பழக்கத்தில் நரம்பை விரல்களால் உருவிக்கொண்டே போனார். முள்ளுக்குச் சற்று மேலே வந்ததும் விரல்கள் நின்றன.

"குண்டு எங்க ஆத்தா?"

அண்ணி முந்தானை முடிச்சை அவிழ்த்து அதை அவர் கையில் வைத்தாள். "இங்க தண்ணி ஓடாதுப்பா. இதப் போட்டா எர சேத்துல போயிருது."

அவர் குண்டைக் கைக்குள் மூடிக்கொண்டு ஏரியைப் பார்த்தார். மரங்கள், இலைகள், அசையாத தண்ணீர். வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப எங்க போடணும்?"

அண்ணி அவர் பக்கத்தில் குந்தினாள். புதுத் தவளை ஒன்றைக் கோத்துக் கொடுத்தாள். "பொறுங்கப்பா. மூச்சு வாங்க வரும்."

அவர் தூண்டிலை நீட்டியபடி தண்ணீரைப் பார்க்காமல் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அல்லி இலைகளின் ஓரத்தில் தண்ணீர் மெல்லப் புடைத்து ஒரு வட்டம் விரியத் தொடங்கியது. நரம்பு அறுத்த பழைய தழும்பு தெரிய, அண்ணியின் ஆள்காட்டி விரல் அதை நோக்கி உயர்ந்தது.