ஒரு இருமல் என்றால் சிவப்பு

அலங்காரப் பறவைப் போட்டியில் சிவப்புக் கேனரிக் குருவிகளுக்கு மார்க் போடுகிற நடுவருக்குச் சிவப்பும் தெரியாது, பச்சையும் தெரியாது. இரண்டும் அவருக்கு ஒரே அழுக்குப் பழுப்புதான். அம்மா வழி வந்த சொத்து. அம்மாவுக்கு எல்லா நிறமும் தெரிந்தது. குறையை மட்டும் பிள்ளைக்குப் பத்திரமாகக் கைமாற்றிவிட்டாள். இறகின் நிறம் தலைமுறை தாண்டி எப்படி வருகிறது என்று ஊர் ஊராகப் போய்ப் பேசுகிற பெரிய மனிதருக்கு இதை மட்டும் வெளியே சொல்ல வாய் வரவில்லை.

பன்னிரண்டு வருடமாக மனைவிதான் அவருக்குக் கண். கூண்டு கூண்டாகக் கூடவே நடப்பாள். ஒரு இருமல் என்றால் நல்ல சிவப்பு, இரண்டு என்றால் சுமார்.

இன்று அவளுக்கு நிஜமாகவே சளி. போட்டிக்கு வந்திருந்த ஒரு தையல்காரம்மாவின் கூண்டு முன்னால் விடாமல் இருமினாள். நடுவர் எண்ணிப் பார்த்து, பதினொன்றில் கணக்குத் தப்பி, அடுத்த கூண்டுக்கு நகர்ந்தார். அங்கே கணீரென்று ஒரே இருமல். மைக்கைப் பிடித்து அதற்கே முதல் பரிசு என்று அறிவித்துவிட்டார்.

ஒருவரும் கைதட்டவில்லை. கூண்டுக்காரரான முடிதிருத்துபவர் தயங்கித் தயங்கி வந்தார்.

"சார், இது பச்சைங்க. சிவப்புக்குத் துணையா வச்ச பெட்டை."

நடுவர் விடுவாரா? "நான் ரத்தத்தைப் பார்த்தேன்யா! இதுக்குள்ள சிவப்பு ஒளிஞ்சிருக்கு. அடுத்த குஞ்சுல வெளிய வரும் பாரு!" என்று பூசி மெழுகினார். தப்பித்துவிட்டதாகக்கூட ஒரு நொடி நம்பினார்.

அதற்குள் தையல்காரம்மா தன் கூண்டின் மேல் துணியைப் போர்த்திவிட்டாள். ஆறு தலைமுறையாக ஜோடி பார்த்துச் சேர்த்து அவள் கொண்டுவந்த சிவப்பு அது. நடுவரை வெட்கம் பிடுங்கித் தின்றது. மறுபடி மைக்கை எடுத்தார்.

"தப்பு என் மேல. எனக்குச் சிவப்பு தெரியாது, பொறந்ததுலேருந்தே. இத்தனை வருஷமா உங்களை ஏமாத்திட்டேன்."

ஒருவர் முகத்திலும் அதிர்ச்சி இல்லை.

"அது தெரியும் சார்" என்றாள் தையல்காரம்மா. "எல்லாருக்குமே தெரியும். நாங்க வர்றதே அக்காவோட இருமலை நம்பித்தானே?"

துணியை விலக்கி, நடுவரைத் தாண்டி, அவர் மனைவியிடம் கூண்டை நீட்டினாள். "நீங்க சொல்லுங்கக்கா, வாயாலயே."

நடுவர் பேனாவைத் திறந்துகொண்டு காத்திருந்தார். மனைவி வாயைத் திறப்பதற்குள் இருமல் முந்திக்கொண்டது. ஒன்றே ஒன்று.

கூடமே கைதட்டியது. நடுவரும் தட்டினார்.