வழியனுப்பத் தெரிந்த சபை

ஆசீர்வாதம் ஐயாவின் பிரசங்கம் எந்த வசனத்தில் ஏறினாலும் சாயர்புரத்தில்தான் வந்து இறங்கும். நோவாவின் பேழை தரைதட்டியது அங்கேதான். காணாமற்போன ஆடு மேய்ந்தது அவருடைய தாத்தாவின் பனந்தோப்பில். தூத்துக்குடிப் பக்கம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றபின், மனைவி கனியம்மாளோடு கடல் கடந்து, இலங்கை மலைநாட்டில் வட்டகொடைக்கு மேலே இருக்கும் இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு ஊழியம் செய்ய வந்தவர் அவர். பழைய பிள்ளைக் காம்பராதான் ஆலயம். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் ஒரு காலத்தில் கைக்குழந்தைகளை விட்டுப்போன இடம். சுவரில் அன்று வரைந்த வாத்தும் யானையும் இன்னமும் நின்று ஆராதனையைக் கவனித்துக்கொண்டிருக்கின்றன. மழை வந்தால் தகரக்கூரை பிரசங்கத்தை எடுத்துக்கொள்ளும்.

"அன்னைக்குத்தான் சபை முழுசா முழிச்சிருக்கும்" என்பாள் கனியம்மாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பிரசங்கத்தைவிடப் பெரிய சரக்கு ஒன்றை மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். விசா மாத முடிவோடு முடிகிறது, புதுப்பிக்கப் போவதில்லை. ஊரில் பேத்திக்குப் பேச்சு வந்துவிட்டது. தினமும் போனில், "தாத்தா, எப்ப வருவ?" என்கிறாள். வைத்த பிறகு கனியம்மாள் அந்தப் போனின் முகத்தை முந்தானையால் துடைப்பாள், பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிட்ட மாதிரி. அதற்கு மேல் அவராலும் தாங்க முடியவில்லை.

ஆனால் சபை தாங்குமா? அதுதான் அவருக்குக் கவலை. கவலை என்ன கவலை, ஆசைதான். ஒரு வாரமாகச் சவரக் கண்ணாடி முன்னால் ஒத்திகை நடந்தது. அழகுமுத்துக் கங்காணி காலைப் பிடித்தால் எப்படித் தூக்கி நிறுத்துவது, பெற்றீசியா விம்மினால் என்ன ஆறுதல் சொல்வது, எல்லாரும் கூடி மறித்தால் எந்தப் பக்கம் பார்த்துப் பெருமூச்சு விடுவது, எல்லாம் தயார். வேதபாடத்துக்குப் பவுல் எபேசு மூப்பர்களிடம் விடைபெற்ற பகுதியை எடுத்துக்கொண்டார். அந்த மூப்பர்கள் பவுலின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதவர்கள். சபைக்கு ஒரு முன்மாதிரி காட்டினதாகவும் இருக்கும் அல்லவா?

சொல்லிவிட்டார். குரல், ஒத்திகையில் இல்லாத ஓரிடத்தில் உண்மையாகவே தழுதழுத்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, சபை அழுவதற்குக் கொஞ்சம் அவகாசம் கொடுத்தார்.

"நல்லதுங்க ஐயா" என்றார் அழகுமுத்து. "பொட்டி எத்தனை வரும்?"

"பெட்டியா? ரெண்டு..."

"அப்ப நம்ம மிலானோட வேனே போதும். தலவாக்கலை ஸ்டேஷன்ல கோச்சிக்கு நின்னா அம்மாவுக்கு முட்டி வலிக்கும்."

"மாலைக்கு ஹட்டன்ல சொல்லிருவோம்" என்றாள் பெற்றீசியா. "போன பாஸ்டருக்குப் போட்டது காதோட நின்னுருச்சு. நம்ம ஐயாவுக்கு அதவிடத் தலை பெருசு."

"அதுக்கு முன்னாடி வந்த சிஸ்டருக்குச் சரியா இருந்துச்சே?" என்றார் அழகுமுத்து.

"அது பிளாஸ்டிக் பூவு அண்ணே."

ஐயா கண்ணாடியைத் துடைத்து முடிக்குமுன் வழியனுப்பு விழாவே தயாராகிவிட்டது. யார் ஜெபம், யார் பாட்டு, போட்டோவுக்கு யார் யார் முன்வரிசை, எல்லாம் முடிவாயிற்று. தன் சாவு வீட்டுக்கே முன்கூட்டி வந்து, பாடையை நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போகிறவர்போல ஐயா படியிறங்கினார்.

தேயிலைக்கு நடுவே, தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துக்குப் போகும் பாதையில் கனியம்மாள் கேட்டாள்: "கழுத்து வலிக்குதா?"

"எதுக்கு?"

"யாரும் கட்டிப்பிடிக்கலையே, அதான்."

"நீ ஒருத்தி. ஒரே ஒரு ஆளு, 'ஏன் ஐயா போறீங்க'ன்னு கேட்டிருக்கலாம்லா? நம்மள இவங்களுக்குப் பிடிக்கவே இல்ல போல, கனி."

அதற்கு அவள் கிண்டல் ஏதும் சொல்லவில்லை. அது அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஞாயிறு மதியச் சாப்பாடு வீட்டுக்கு வீடு முறை வைத்து நடக்கும். அன்று பெற்றீசியாவின் முறை. லயத்து ஒற்றையறைக் காம்பராவில் இருந்த இரண்டு நாற்காலியும் விருந்தாளிகளுக்கு. பெற்றீசியாவின் கணவர் சூசைரட்ணம் கீழே பாயில் உட்கார்ந்தார். சோறு, பருப்பு, கருவாட்டுக் குழம்பு. இரண்டு வாய் வைப்பதற்குள் போன் அடித்தது. மகள் கிருஷாந்தி. குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். அங்கே அப்போது காலை; எஜமானி மேடம் தூங்கி எழுமுன்தான் பேச முடியும்.

"சாப்பிட்டியா?" என்றாள் பெற்றீசியா. "இங்க எல்லாம் சுகம். மழைதான். நீ நல்லா இரு."

"சுகம், சுகம்" என்றார் சூசைரட்ணம், அந்தப் பக்கம் கேட்கிறதோ இல்லையோ என்று உரக்க.

"ஐயா வந்திருக்காங்க. ஒரு ஜெபம் பண்ணச் சொல்றேன், இரு."

ஐயா போனை வாங்கினார். திரையில், துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் ஒடுங்கி நின்று, தலையில் முக்காடு போட்ட ஒரு பெண் அவரைப் பார்த்துச் சிரித்தாள். ஜெபத்துக்குத்தான் வாயைத் திறந்தார். பேத்தியின் வாயால் தினமும் ஒரே கேள்வியைக் கேட்டுக் கேட்டுப் பழகின மனுஷன்; வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"எப்பம்மா வருவ?"

சூசைரட்ணத்தின் கை தட்டிலேயே நின்றது. பெற்றீசியா வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினாள். அதற்குள் திரையில் அந்தப் பெண்ணின் முகம் கோணி, முக்காட்டுத் துணி வாயைப் பொத்திக்கொண்டது.

"அதக் கேக்கமாட்டோங்க ஐயா" என்றாள் பெற்றீசியா அடிக்குரலில். "போனவங்கள வான்னும் கேக்கமாட்டோம், போறவங்கள இருன்னும் கேக்கமாட்டோம். இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புன காலத்துல எங்கக்கா கோச்சி ஏறுனப்ப நான் சின்னப்புள்ள. போகாதக்கான்னு கத்துனேன். போற வழியெல்லாம் அவ பச்சத்தண்ணி குடிக்கலையாம். கேட்டா, போறவங்களுக்குத்தானே பாரம்?"

போனுக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது. "அம்மா... நாலு வருஷத்துல யாருமே கேக்கலையேம்மா. நான் வந்து நின்னா உங்களுக்குப் பாரம்னுல்ல நெனச்சுகிட்டு இருந்தேன்."

பெற்றீசியா போனைப் பிடுங்கினாள். "அடி பைத்தியக்காரி! யாருடி பாரம்? வாடி. வந்துரு. ஒங்கப்பா இன்னமும் ஒம் போர்வைய யாருக்கும் குடுக்க விடமாட்டேங்குறாரு."

"இந்தக் கான்ட்ராக்ட் முடியட்டும்மா, வந்துர்றேன்..." மேடம் எழுந்துவிட்டாள் போலும். திரை அணைந்தது.

சோறு ஆறிப்போயிருந்தது. சூசைரட்ணம் சுவர்ப்பக்கம் திரும்பி வெகுநேரம் மூக்கைத் துடைத்தார். ஐயாவுக்கு நாற்காலியில் இருக்க முடியவில்லை, எழுந்து நின்று, "என்னை மன்னிச்சிரும்மா. என் வாய்க்கு வேலி கிடையாது" என்றார்.

பெற்றீசியா முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு கனியம்மாளைப் பார்த்தாள்.

"ஐயா, போகாதீங்கன்னு சொன்னா இருப்பீங்களா?"

ஒரு வாரமாக இந்த ஒரு கேள்விக்காக ஏங்கினவர் அவர். இப்போது அது வந்து எதிரே நிற்கிறது. மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"இருக்கமாட்டோம் பெற்றீசியா" என்றாள் கனியம்மாள். "எம் பேத்திய நான் தூக்கணும்." பிறகு, "ஆனாலும் சொல்லு" என்றாள்.

பெற்றீசியாவுக்கு வெட்கமாகப் போயிற்று. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். வாசலில் யாரும் கேட்கிறார்களா என்று பார்த்தாள்.

"போகாதீங்க" என்றாள்.

"ஆமாங்க ஐயா, போகாதீங்க" என்றார் சூசைரட்ணம் சுவரைப் பார்த்தபடியே.

ஐயா நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பாயில், சூசைரட்ணத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தட்டை நீட்டினார். பெற்றீசியா இன்னொரு அகப்பை சோறு வைத்தாள்.