சூரை மீன் ஆறுவதற்குள்

ஜப்பானில், தைஷோ பேரரசர் ஆண்ட எட்டாம் ஆண்டு ஏப்ரல் பதினான்காம் தேதி, பகல் பதினோரு மணிக்கு, காமெஸோவின் வலது கை மணிக்கட்டோடு வெட்டுப்பட்டுப் பலகைமேல் விழுந்தது. விழுந்த கை மீன் நறுக்குவதை நிறுத்தவில்லை. அந்த வருடத்தின் முதல் சூரை மீன் அது. வைக்கோல் தீயில் தோல் கருகும்வரை வாட்டி, உள்ளே பச்சையாக இருக்கும்போதே விரல் தடிமனுக்கு நறுக்கி, கல்லுப்பு தூவி, உள்ளங்கையால் தட்ட வேண்டும். கை அத்தனையும் முறையாகச் செய்தது. தாம்பாளத்தில் அடுக்கி, பூண்டையும் சீவி வைத்தது. காமெஸோ இருட்டுவதற்குள் செத்துப்போனான். அவன் வீட்டு விருந்துக்கு வந்தவர்கள் மீனைத் தின்றுவிட்டுத்தான் எழுந்தார்கள். அப்படியொரு சூரையை அதற்கு முன் தின்றதில்லை என்று நாமிசாக்கித் துறையில் இன்றும் சொல்வார்கள்.

வெட்டியவன் அண்ணன் இவாகிச்சி. சூரைப் படகின் தலைவன். நாமிசாக்கி இருக்கும் தோசாக் கரையில், சாக்கே என்கிற அரிசி மது குடிக்கும் கிண்ணத்தின் அடியில் ஓட்டை இருக்கும். விரலால் அடைத்துத்தான் பிடிக்க வேண்டும், கீழே வைக்க முடியாது. ஒருவன் நீட்டினால் வாங்கிக் குடித்து, திரும்ப நிரப்பி, கொடுத்தவனிடமே கொடுக்க வேண்டும். நீட்டிய கிண்ணத்தை வாங்காமல் விடுவது முகத்தில் துப்புவது போல. அன்று இவாகிச்சி கிண்ணத்தைத் தம்பியிடம் நீட்டினான். காமெஸோ தலை நிமிரவில்லை. "கொஞ்சம் பொறுண்ணே. மீனு ஆறிடும்" என்றான். அண்ணன் நீட்டிய கையோடு நின்றான். வலை பின்னுகிற ஒருவன், "தலைவரே, பேசாம அந்தச் சூரைக்கே ஊத்திருங்க. அதாச்சும் வாயத் தொறந்துக்கிட்டுக் கெடக்கு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். இவாகிச்சியும் சிரித்தான். சிரித்துக்கொண்டே இடது கையால் வைக்கோல் அரியும் அரிவாளை எடுத்தான்.

வாங்க ஆளில்லாததால் கிண்ணம் அவன் வலது கையை விட்டு வரவில்லை. சிறையில் காவலர்கள் சுத்தியலால் அவன் விரலை உடைத்துப் பார்த்தார்கள். விரல் உடைந்தது, ஓட்டையை விட்டு நகரவில்லை. சாக்கே சிந்தவுமில்லை, வற்றவுமில்லை. அதைக் குடிக்க வாய் வைத்த ஒரு கைதியின் மூக்கை அவன் கடித்துத் துப்பினான். அதற்காக இரண்டு வருடம் கூட்டினார்கள்.

காமெஸோவின் கை அவன் மனைவி கிகுயேவிடம் இருந்தது. அவள் அந்த வீட்டையே சாப்பாட்டுக்கடை ஆக்கினாள். கை பகலில் நறுக்கியது, இரவில் வைக்கோல் உறைக்குள் உறங்கியது. மந்திரம் ஓத வந்த பூசாரியைக் கன்னத்தில் அறைந்தது. சாட்சிப் பொருள் என்று எடுத்துப்போக வந்த போலீஸ்காரரின் காதில் பாதியைச் சீவியது. அவர் அதற்குப் பின் வாரம் ஒருமுறை வந்து சாப்பிட்டுப் போனார். வாட்டிய சூரைக்குச் சோயாச் சாறு கேட்ட கோபே வியாபாரிக்கு முன்பற்கள் போயின. அந்தக் கடையில் உப்போடுதான் தின்ன வேண்டும் என்பது ஊருக்கே தெரியும்.

ஒன்பதாவது ஏப்ரலில் ஒசாகாவிலிருந்து நிஷிகோரி வந்தார். கடற்பாசிக் கடையை மைத்துனனிடம் விட்டுவிட்டு ஊர் ஊராகச் சாப்பிடுவதற்காகவே அலைந்தவர். பீவா ஏரிக்கரையில், சோற்றுக்குள் புதைத்து வருடக்கணக்கில் புளிக்கவைத்த கெண்டையைத் தின்றிருக்கிறார். ஷின்ஷு மலையில் வறுத்த குளவிப் புழுவை மென்றிருக்கிறார். அகிதாவின் பனியில், பல்லுக்கிடையே வெடிக்கும் மீன் முட்டைக்காக ஒரு மாதம் காத்திருக்கிறார். எங்கே போனாலும் அந்த ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து அவர்கள் தின்கிறபடியே தின்பார். அப்படித் தின்றே அவர் நாக்கு செத்துவிட்டது. இரண்டு வருடமாக எதுவும் ருசிக்கவில்லை. ஒருநாள் நாக்கைத் தானே கடித்துப் பார்த்தார். வாய் நிறைய ரத்தம் வந்தது. அதற்கும் ருசி இல்லை. நாமிசாக்கிக் கையைப் பற்றிக் கேள்விப்பட்டபோது, இதுவும் ருசிக்காவிட்டால் கடலில் இறங்கிவிடுவது என்று முடிவு செய்தார்.

இதை அவர் கிகுயேவிடம் சொன்னார். அவள் வைக்கோலை அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"கடல் எங்கயும் போயிராது. மொதல்ல சாப்பிடுங்க."

"கை எனக்கு நறுக்குமா?"

"பசின்னு வந்தவங்களுக்கு அது மறுத்ததில்ல. எம் புருசனும் அப்படித்தான். அடுப்புல மீனு இருந்தா எமனே வந்தாலும் திண்ணையில உக்காருன்னுவாரு." பிறகு, அந்த நாள் காமெஸோ என்ன சொன்னான், அண்ணன் என்ன செய்தான் என்று முழுவதையும் சொன்னாள். நிஷிகோரி கேட்டுக்கொண்டார். அவர் கண் பலகையிலேயே இருந்தது.

தீ ஆளுயரம் எழுந்தது. கை உறையிலிருந்து வந்து, கத்தியை எடுத்து, வாட்டிய மீனில் முதல் துண்டைப் போட்டது. அப்போது வாசலில் இவாகிச்சி நின்றான். அன்று காலைதான் சிறையிலிருந்து விட்டிருந்தார்கள். முடி நரைத்திருந்தது. வலது கை முன்னால் நீண்டபடியே இறுகியிருந்தது. அதில் கிண்ணம்.

"கிகுயே, நான்தான்."

"தெரியுது. செருப்பக் கழட்டிட்டு வாங்க."

அவன் பலகைக்கு முன்னால் மண்டியிட்டான். கையைப் பார்த்துப் பேசினான்.

"தம்பி, வாங்கிக்கடா. தோளு எறங்கிப்போச்சு. என்னால சட்டகூட மாட்ட முடியல."

கை நின்றது. கத்தியைப் பலகையில் மெல்ல வைத்தது. விரல்களில் இருந்த உப்பை உதறிவிட்டுக் கிண்ணத்தை நோக்கி எழுந்தது. கிகுயே வாயைப் பொத்திக்கொண்டாள். நறுக்கிய இடத்திலிருந்து ஆவி மெலிந்துகொண்டிருந்ததை நிஷிகோரி மட்டும் பார்த்தார். வழியெல்லாம் அவர் நினைத்துவந்த ருசி அந்த ஆவியோடு போய்க்கொண்டிருந்தது. என்ன சொல்கிறோம் என்று தெரிந்துதான் சொன்னார்.

"கொஞ்சம் பொறுங்க. மீனு ஆறிடும்."

கை அந்தரத்தில் தயங்கியது. சமையல்காரனின் கை அது. திரும்பிக் கத்தியை எடுத்தது.

இவாகிச்சி இந்தமுறை சிரிக்கவில்லை. வைக்கோல் கட்டின்மேல் அரிவாள் இருந்தது. இடது கையால் எடுத்து நிஷிகோரியின் கழுத்தை நோக்கி வீசினான். அது தூணில் பாய்ந்தது. இழுத்து மறுபடி ஓங்குவதற்குள் கத்தி அவன் வலது மணிக்கட்டைத் துண்டித்தது. அப்படியும் அவன் வந்தான். தீயை மிதித்து, பலகைமேல் விழுந்து, தம்பியின் கட்டைவிரலைப் பல்லால் பிடித்தான். கத்தி அவன் தாடைக்குக் கீழே ஒருமுறை போய்வந்தது. சூரையின் தலையை எடுப்பது போல ஒரே இழுப்பு. ரத்தம் கூரை மூங்கிலில் அடித்து, அங்கிருந்து எல்லோர் மேலும் சொட்டியது. கிகுயே வாளியைக் கொண்டுவந்து தீயை மட்டும் அணைத்தாள்.

கை மீதி மீனை நறுக்கியது. உப்பு தூவித் தட்டியது. பூண்டு வைத்தது. கட்டைவிரல் தொங்கியதால் துண்டுகள் சற்றுக் கோணலாக இருந்தன. தாம்பாளத்தை நிஷிகோரியின் முன்னால் தள்ளிவிட்டு, கத்தியைத் துணியில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றது.

நிஷிகோரி ஒரு துண்டை எடுத்தார். இன்னும் சூடு இருந்தது. முதலில் வைக்கோல் புகை வந்தது. அப்புறம் உப்பு, அப்புறம் பூண்டின் காரம். கடைசியாக இரும்பு போல ஒரு ருசி வந்து நாக்கின் அடியில் தங்கியது. அது மீனுடையதா, கூரையிலிருந்து சொட்டியதா என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை. கண்ணீர் வழிய ஒவ்வொரு துண்டாகத் தின்றார். தாம்பாளம் காலியாகும்வரை நிறுத்தவில்லை.

இவாகிச்சியின் கை விழுந்த இடத்தில் கிடக்கவில்லை. ஒரு சொட்டு சிந்தாமல், உடைந்த விரலை ஓட்டையிலிருந்து எடுக்காமல், பாயில் சாண் சாணாக நகர்ந்து வந்தது. தம்பியின் கையிடம் போகவில்லை. அதைக் கடந்து வந்து நிஷிகோரியின் முழங்காலுக்கு நேரே நின்று, கிண்ணத்தைத் தூக்கி நீட்டியது. குடித்தபின் நிரப்பி யாரிடம் திருப்புவது என்று அவர் இவாகிச்சியின் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. தம்பியின் கை கத்தியைத் துடைப்பதை நிறுத்தியிருந்தது.

கிகுயே சாக்கே குப்பியைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்து, மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"அதுக்குக் கை வலிக்கும் ஐயா. வாங்கிக்கிறீங்களா, இல்ல இன்னும் மீனு ஆறிடுமா?"