வழக்கமான வரி

அட்டைப்பெட்டி கம்பெனியில் அவளுக்கு லெட்டர் அக்கா என்று பெயர். பத்தொன்பது வருடமாக முதலாளியின் கடிதங்களையெல்லாம் அவள்தான் எழுதுகிறாள். முதலாளியைக் கஞ்சன் என்று சொல்வது பாவம்; எச்சில் கையால் காக்கை ஓட்டமாட்டார், அவ்வளவுதான். சம்பளம் கூட்டிக் கேட்டு யார் மனு கொடுத்தாலும் ஓரத்தில் "இல்லை" என்று கிறுக்கி அவள் மேசைக்கு அனுப்பிவிடுவார். அந்த ஒற்றைச் சொல்லை ஒரு பக்கக் கடிதமாக்குவது அவள் வேலை. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது போல எழுதுவாள். "தங்கள் உழைப்பை நாங்கள் மறக்கவில்லை. நிலைமை சீரானதும் முதலில் நினைவுக்கு வருவது தங்கள் பெயரே" என்ற கடைசி வரி அவளுடைய சொந்தச் சரக்கு. கம்பெனி வேன் டிரைவர் தனக்கு வந்த அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். "பாத்தீங்களாக்கா, முதல்ல என் பேருதானாம்!" என்று அவளிடமே காட்டினார். அவள் சிரித்து மழுப்பினாள்.

இந்த வருடம் அவளே மனு எழுதினாள். அரிசி விலையையும் பஸ் கட்டணத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்தாயிற்று. வாடகைதான் கழுத்தைப் பிடித்தது. வீட்டுக்காரர் கேட்கும் கூடுதல் வாடகையைத் தர முடியாவிட்டால் மாதக் கடைசியில் அறையைக் காலி செய்ய வேண்டும். ஜன்னலோரம் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, அவள் கையால் தாழ் போட்டுக்கொள்ளும் ஒரு கதவு. அதை விட்டால் தங்கை வீட்டு ஹால்தான். தங்கை நல்லவள். ஆனால் அங்கே தங்கை புருஷன் டிவியை அணைத்தால்தான் இவள் படுக்க முடியும்.

மறுநாளே மனு அவள் மேசைக்கு வந்தது. ஓரத்தில் "இல்லை". எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"சார், இது என்னோட மனு."

"தெரியும்மா. எனக்கு மட்டும் விலைவாசி ஏறலையா? பதில் எழுதிக் கொண்டாங்க, கையெழுத்துப் போடறேன்."

"எனக்கு நானேவா சார்?"

"உங்களை மாதிரி எழுத இங்க வேற யாரு இருக்கா?"

பாராட்டாகத்தான் சொன்னார். அவள் போய், "சம்பளம் உயர்த்த இயலாது" என்று ஒரே வரி அடித்து நீட்டினாள். அவர் முகம் சுளித்தார்.

"என்னம்மா இது, மூஞ்சில அடிச்ச மாதிரி? வழக்கமா ஒரு வரி போடுவீங்களே, அதைப் போடுங்க. வாங்கறவங்க மனசும் ஆறணும்ல?"

வாங்குகிறவள் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தாள். போட்டுக் கொண்டுவந்தாள்.

சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்து உறையைப் பிரித்தாள். அவள் பெயருக்கு ஒரு கடிதம் வந்து எத்தனையோ வருடமாயிற்று. எழுதியது யார் என்று தெரிந்தும், கடைசி வரியில் மனசு கொஞ்சம் ஆறத்தான் செய்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வாய்விட்டு அழுதாள். பிறகு முகம் கழுவிவிட்டுத் தங்கைக்குப் போன் செய்தாள்.

"அடுத்த மாசத்துலேருந்து அங்க வந்துடட்டுமாடி?"

"வாக்கா, அதுக்கென்ன. ஏன் குரல் ஒரு மாதிரியா இருக்கு?"

"ஒண்ணுமில்லடி. ஆபீஸ்ல எனக்கு ஒரு லெட்டர் குடுத்தாங்க. ரொம்ப நல்லா எழுதியிருந்தாங்க."