நடுப்பக்கத்து நல்லவன்

சனிக்கிழமை சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டால், அதன்பிறகு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு வாடிக்கையாளர் யாரும் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள். கண் பரிசோதிக்கும் உள்ளறையில் நாற்காலிகளை வட்டமாகப் போடுவார். வருகிறவர்கள் தாங்கள் படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்திலிருந்து ஒரே ஒரு பத்தி வாசிக்க வேண்டும். கதை சொல்லக் கூடாது, விளக்கம் கூடாது. கேட்டவருக்கு ஆசை வந்தால் புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

கடைக்காரரின் மைத்துனன் லிஃப்ட் மெக்கானிக். அந்த அறையில் ட்யூப்லைட் மாற்ற வந்தவன், பிசியோதெரபிஸ்ட் பெண் ஒருத்தி பத்தி வாசிப்பதைக் கேட்டு ஸ்டூலிலிருந்து இறங்க மறந்துபோனான். புத்தகத்துக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் அடுத்த வாரமே பழைய புத்தகக் கடையில் ஒன்றை வாங்கி, நடுவில் பிரித்து, கண்ணில் பட்ட நல்ல பத்தியைக் கொண்டுவந்து வாசித்துவிட்டான்.

"படிச்சு முடிச்சதும் எனக்குத் தருவீங்களா?" என்று கேட்டாள் அவள்.

"முடிச்சாச்சுங்க" என்று அங்கேயே நீட்டினான். அன்று அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. புத்தகத்தைத் திருப்பித் தரும்போது அவள் ஏதாவது கேட்டால், "ஆமாங்க, அந்த இடம் ரொம்ப நல்லாருக்கும்" என்று பொத்தாம்பொதுவாகச் சமாளிப்பான். குட்டு வெளிப்பட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்பதை மட்டும் நினைக்கவே மாட்டான். நாற்பதைத் தொடப்போகும் ஆளைச் சனிக்கிழமைதோறும் சட்டைக்கு இஸ்திரி போட வைத்தவள் அவள் ஒருத்திதான்.

போன வாரம் அவன் வாசித்தது இது:

'மனைவி எழுவதற்கு முன்பே அவன் எழுந்து சூப் வைத்தான். அவள் உதடு சுடாதபடி ஆற்றி, கரண்டி கரண்டியாகத் தானே ஊட்டினான். கடைசிச் சொட்டு இறங்கும்வரை அவள்மீதிருந்து கண்ணை எடுக்கவில்லை.'

வட்டத்தில் வாராவாரம் உட்காரும் பல் டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "புருஷன்னா இப்படி இருக்கணும்" என்றார். சூப் வைத்தவன் தானே என்பதுபோல மெக்கானிக் கூச்சப்பட்டான்.

இந்த வாரம் அவள் அதே புத்தகத்தோடு வந்தாள். "நான் இப்ப படிக்கிறது இதுதான். போன வாரம் அவர் நிறுத்தினதுக்கு அடுத்த பத்தி" என்று சொல்லிவிட்டு வாசித்தாள்.

'சாயங்காலத்துக்குள் அவள் உடம்பு சில்லிட்டுவிட்டது. அவன் கிண்ணத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். முதல் மனைவிக்கு வைத்த சூப்பில் கசப்பு தூக்கலாகிவிட்டது. இந்த முறை பக்குவம் சரியாக வந்திருந்தது.'



"அடப்பாவி மாப்ள" என்று கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இந்தப் படுபாவிக்காகவா நான் அழுதேன்?" என்றார் பல் டாக்டரம்மா.

மெக்கானிக் திருதிருவென்று விழித்தான். சமாளிக்க ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. அவளைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டான்.

"நான் எந்தப் புத்தகத்தையும் முழுசாப் படிச்சதே இல்லைங்க. நாலு பக்கம் தாண்டினா தூங்கிடுவேன். நடுவுல பிரிச்சு நல்ல பத்தியாப் பாத்து எடுத்துட்டு வருவேன். நீங்க வருவீங்கன்னுதான்."

கடைசி வாக்கியம் அவனைக் கேட்காமலேயே வெளியே வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஆளாளுக்குச் சுவரில் மாட்டியிருந்த கண் பரிசோதனை அட்டையை மும்முரமாகப் படித்தார்கள்.

"தெரியும்" என்றாள் அவள். "மூணாவது புத்தகத்துலயே தெரிஞ்சுபோச்சு. நீங்க வாசிச்ச பக்கத்துல மட்டும் கிரீஸ் விரல் பதிஞ்சிருந்துச்சு."

"அப்புறம் ஏங்க எங்கிட்டயே வாங்கிட்டுப் போனீங்க?"

"இவ்வளவு பெரிய புத்தகத்துல இந்த இடம் மட்டும் இவருக்கு ஏன் பிடிச்சுதுன்னு பாக்கத்தான். இத்தனை வாரமா நீங்க வாசிச்சது எல்லாமே யாரோ ஒருத்தர் இன்னொருத்தரைப் பாத்துக்கிற பத்திதான். ஒண்ணுகூடத் தப்பல."

அது அவனுக்கே தெரியாது. சந்தோஷத்தில் காது இரண்டும் சூடாகிவிட்டன.

அவள் புத்தகத்தை அவன் மடியில் வைத்தாள். "கடைசி அத்தியாயம் நானும் இன்னும் படிக்கல. அவன் மாட்டுறானான்னு தெரியணும். முதல் பக்கத்துலேருந்து நீங்க வாசிங்க, நான் பக்கத்துல உக்காந்து கேக்கிறேன். நாளைக்கு எனக்கு லீவு."

"நான் தூங்கிட்டேன்னா?"

"எழுப்புறேன்" என்றாள்.