சுவரில் வந்து படுத்த முதலை

தோனா லெயிலா சுவரை மூக்கால் உரசிவிடுகிற தூரம் வரைக்கும் போனார். பிறகு எட்டடி பின்னால் வந்து கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். இடது பக்கம், தரையிலிருந்து நான்காவது வரிசையில் விரலை நீட்டி, "ஜெனேசியோ, இது முதலை" என்றார்.

ஜெனேசியோ கரணையைக் கீழே வைத்தான். "முதலையெல்லாம் நான் வைக்கலம்மா. கிளாவர் சீட்டு வச்சது."

தலைநகரை ஒட்டிய செயிலாண்டியாவில், பதினேழாம் தெருவில் புதிதாக எழும்பிய சுகாதார நிலையத்தின் முகப்புச் சுவர் அது. பன்னிரண்டு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் உயரம், தொள்ளாயிரம் டைல். எல்லா டைலும் ஒரே அச்சு: வெள்ளைச் சதுரம், ஒரு மூலையில் மட்டும் நீலக் கால்வட்டம். அந்த மூலை மேல் இடது, மேல் வலது, கீழ் இடது, கீழ் வலது என்று வரும்படி நாலு விதமாகத் திருப்பி ஒட்டலாம். தோனா லெயிலா தலைநகரில் பெயர்பெற்ற ஓவியர், எழுபத்தொரு வயது. அவர் வரைந்தது அந்த ஒரு டைலை மட்டும்தான். மிச்சத்தைக் கொத்தனாரின் கைக்கு விட்டுவிட்டார். "உங்க கை போன போக்குல ஒட்டுங்க. ஒரே நிபந்தனை, கோலம் மாதிரி எதுவும் தெரியக் கூடாது. இது நம்ம ரெண்டு பேர் சுவர். பித்தளைத் தகட்டுல ரெண்டு பேர் பேரும் வரும்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார். சொல்லாமல் இருந்திருக்கலாம். தூரத்துப் பியாவுயி மாநிலத்திலிருந்து பத்தொன்பது வயதில் பஸ் ஏறி வந்த நாள் முதல் இந்த ஊரில் பாதிச் சுவரை எழுப்பியவன் ஜெனேசியோ. அவன் பெயர் எழுதியிருந்தது வாக்காளர் அட்டையிலும், பக்கத்து வீட்டுக்காரன் ஒருமுறை சேவல் விஷயமாகக் கொடுத்த புகாரிலும் மட்டும்தான். தகடு என்ற சொல் அவன் நெஞ்சில் போய் ஆணியடித்து மாட்டிக்கொண்டது.

முதல் தடவை கை போன போக்கில்தான் ஒட்டினான். முப்பத்து நாலு வருஷம் தூக்குக்குண்டுக்கும் ரசமட்டத்துக்கும் பயந்து வாழ்ந்த கை அது. திடீரென்று விடுதலை என்றதும், சிறை வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளேயே திரும்பிப் போய்விட்டது. முந்நூறு டைல் ஒட்டி முடிந்தபோது சுவரில் அழகான அலை ஒன்று ஓடியது. தோனா லெயிலா ஒரே வார்த்தைதான் சொன்னார்: "அலை." உடைத்தான்.

வழி கண்டுபிடித்தது அவன் மனைவி தால்வா. "ஏய்யா, உன் கைக்கு மூளை ஜாஸ்தியாப் போச்சு. அதைக் கழட்டி வை" என்று சொல்லி வீட்டிலிருந்து சீட்டுக்கட்டைக் கொண்டுவந்தாள். ஸ்பேடு என்றால் கீழ் வலது, ஆர்ட்டின் என்றால் மேல் வலது, டைமண்ட் கீழ் இடது, கிளாவர் மேல் இடது. கவிழ்த்த பெயின்ட் வாளி மேல் உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டாக எடுத்துக் கூவுவாள், எடுத்ததைத் திரும்பச் செருகிக் கலைப்பாள், அவன் ஒட்டுவான். ஆகஸ்ட் மாதம், மழை பெய்து நூற்றுப்பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அந்த வெயிலில் துப்பினால் எச்சில் தரைக்குப் போய்ச் சேராது, செந்தூசி வழியிலேயே வாங்கிக்கொள்ளும். அப்படியும் பதினோரு நாளில் தொள்ளாயிரத்தையும் முடித்தார்கள். நான்காவது வரிசையில் ஓரிடத்தில் கிளாவர் விடாமல் ஆறு தடவை வந்தது. ஆறு நீலக் கால்வட்டங்கள் வரிசையாக நின்றதும் அது முதுகு முள்ளாகிவிட்டது. முன்னால் தற்செயலாக வாய், பின்னால் தற்செயலாக வால்.

அதை முதலில் கண்டவர் எதிர்க்கடை முடிதிருத்துபவர் ஒசோரியோ. அந்த ஊரில் இருபத்தைந்து மிருகங்களில் ஒன்றின் மேல் பணம் கட்டுகிற சூதாட்டம் ஒன்று உண்டு. சட்டத்துக்கு விரோதமானது, சட்டத்தின் மாமியார் உட்பட எல்லோரும் கட்டுவார்கள். ஒசோரியோ வியாழக்கிழமை முதலையில் கட்டினார். வியாழக்கிழமை முதலை விழுந்தது. வெள்ளிக்கிழமை காலை சுவருக்கு எதிரே மடக்கு நாற்காலி போட்டு நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர் கழுதையைக் கண்டார், இன்னொருத்தருக்கு வான்கோழி தெரிந்தது. பாதி முகம் மழித்த நிலையில் ஒருவன் கடை வாசலிலேயே நின்றான்; ஒசோரியோ அவனை மறந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

"சீட்டு எடுத்து ஒட்டினேம்மா. என் புத்தி ஒரு இஞ்சுகூட இதுல இல்ல" என்றான் ஜெனேசியோ.

"தெரியுது. ஆனா பார்க்கத் தற்செயலா இல்லையே."

கட்டட என்ஜினீயர் வாக்னர் குறுக்கிட்டார். "மேடம், தொள்ளாயிரம் தடவை எடுத்தா ஆறு தொடர்ச்சியா வர்றது அதிசயமே இல்ல. கணக்குப்படி இதுதான் அசல் தற்செயல். மொத்தம் எத்தனை சுவர் ஒட்டலாம் தெரியுமா? ஐந்நூத்து நாப்பத்திரண்டு இலக்கம் வர்ற எண்ணிக்கை."

"அத்தனை சுவர்ல அம்மாவுக்குப் பிடிக்காததா எடுத்து எடுத்து நான் ஒட்டுறேன் பாருங்க சார், அதுதான் அதிசயம்" என்றான் ஜெனேசியோ. "எது பிடிக்கும்னு நீங்களே சொல்லிடுங்கம்மா, ஒட்டிடறேன்."

"நான் சொன்னா அது என் சுவராயிடும். எனக்கு உங்க சுதந்திரம் வேணும்."

"அந்தச் சுதந்திரத்தை ரெண்டு தடவை குடுத்துட்டேனேம்மா!"

தோனா லெயிலா கோபக்காரர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. தவறு கண்டுபிடித்ததற்காக வருந்துகிற முகத்தோடு, "வாக்னர் கம்ப்யூட்டர்ல போட்டுத் தரட்டும். திங்கட்கிழமை சார்ட் வந்துடும். அதைப் பார்த்து ஒட்டினா போதும்" என்றார்.

"கம்ப்யூட்டர் மட்டும் முதலை போடாதா?"

"ஒரே திசை மூணு தடவை வராத மாதிரி எழுதிடுவேன்" என்றார் வாக்னர்.

"அப்ப அது ஒழுங்குதானே சார்?"

"ஒழுங்கில்லாத மாதிரி தெரியற ஒழுங்கு."

ஜெனேசியோ அதைக் கொஞ்ச நேரம் மென்று பார்த்தான். விழுங்க முடியவில்லை. "தகட்டுல?" என்று கேட்டான்.

தோனா லெயிலா கண்ணாடியை மறுபடி துடைத்தார். "கம்ப்யூட்டர் போட்டதுக்கு உங்க பேரை எப்படிங்க போடுறது?"

வாளியிலிருந்து தால்வா எழுந்தாள். "அம்மா, முதலை முதுகு ஆறே டைல். அதை மட்டும் பேத்துட்டு உங்க கண் முன்னாடி மறுபடி சீட்டு எடுக்கிறோம். வர்றது வரட்டும். அப்பவும் பிடிக்கலைன்னா உங்க மிஷினையே கட்டிக்குங்க. நிலையம் திறந்ததும் இங்க பெருக்குற வேலை எனக்குத்தான். தினம் இந்தச் சுவரைத்தான் பார்க்கணும். இவர் பேரில்லாத தகட்டை என்னால துடைக்க முடியாது."

தோனா லெயிலா யோசித்தார். தலையசைத்தார்.

ஜெனேசியோ உளியை எடுத்ததும் நாற்காலிகள் கொதித்தன. "பாவி, சோறு போடுற மிருகத்தைக் கொல்றானே!" என்று ஒசோரியோ கத்தினார். "சனிக்கிழமை ஆட்டம் முடியற வரைக்குமாவது விட்டு வைய்யா!" அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஆறு டைலும் பொடிப்பொடியாக உதிர்ந்தன. கலவை குழைத்தான். தால்வா கட்டைக் கலைத்தாள், தோனா லெயிலாவிடம் வெட்டக் கொடுத்தாள், முதல் சீட்டைப் புரட்டினாள்.

"கிளாவர்."

ஒட்டினான். இரண்டாவதும் கிளாவர். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மூன்றாவதும் கிளாவர். சிரிப்பு நின்றது. நான்காவது சீட்டைத் தால்வா தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள்: கிளாவர். வாக்னர் மட்டும் வாய்க்குள் "இருநூத்தம்பத்தாறுல ஒண்ணு" என்றார். ஒசோரியோ நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். ஜெனேசியோவுக்குக் கரணையை எடுத்து எங்கேயாவது எறியவேண்டும் போல இருந்தது. எங்கே எறிவது என்றுதான் தெரியவில்லை. கையில் பிடித்தபடி நாலாவதையும் ஒட்டினான்.

தோனா லெயிலா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தால்வா ஐந்தாவது சீட்டை எடுத்தாள். பார்த்தாள். ரவிக்கையோடு சேர்த்துக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, பிசிறில்லாத குரலில், "ஆர்ட்டின்" என்றாள்.

இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியவன் ஜெனேசியோ. சேவல் விஷயமாகப் போலீஸ் வந்தபோது, "எங்க வீட்டுல சேவலே இல்லீங்க" என்று அவள் சொன்னதும் இதே குரலில்தான். முதுகில் கலவை தடவிய டைல் கையில் இருந்தது. கலவையின் ஓரங்கள் ஏற்கெனவே வெளுக்கத் தொடங்கியிருந்தன. இன்னும் ஒரு நிமிஷம் போனால் பிடிக்காது. அவன் டைலைச் சுவருக்கு ஒரு விரற்கடை முன்னால் பிடித்துக்கொண்டு, நீல மூலையை மெல்ல வலப்பக்கம் திருப்பினான். பிறகு மெல்ல இடப்பக்கம் திருப்பினான்.