ரத்தம் கொடுக்காத மாமி

என் புருஷன் பாசித் போன விமானம் மலையில் மோதிச் சிதறிவிட்டது என்று டிவியில் சொன்னபோது, நான் பூந்தமல்லி வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். யாரோ பெரிய இடத்துக் கல்யாணத்துக்காக வாடகைக்கு எடுத்த சின்ன விமானம். அதில் சாப்பாடு பரிமாறுவது அவருக்கு வேலை. மலை முழுக்க மேகம், பேய்மழை. திரும்பிவிடுங்கள் என்று கீழேயிருந்து சொன்னார்களாம். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒருவரும் பிழைக்கவில்லை. மழையிடம் போய் யார் சண்டை போடுவது?

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் வானிலை நிபுணர்களாகிவிட்டார்கள். காற்று இப்படி அடித்திருக்கும், இறக்கை அப்படி ஒடிந்திருக்கும் என்று எனக்கே விளக்கம். தலையாட்டித் தலையாட்டிக் கழுத்து வலித்தது.

எரிந்த உடல்களில் எது யாருடையது என்று தெரியவில்லை. பெற்றவர் ரத்தமோ பிள்ளையின் ரத்தமோ வேண்டும், சோதித்துப் பார்த்துத்தான் தருவோம் என்றார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. மாமனார் மவுத்தாகி வெகுகாலம் ஆகிறது. மிச்சம் இருந்தது என் மாமியார் குல்ஷன் மாமி மட்டும்தான்.

மாமியோ கையை நீட்டவில்லை. ஆஸ்பத்திரி ஆட்கள் முதலில் வந்தபோது தலை சுற்றுகிறது என்று படுத்துவிட்டார். அடுத்த தடவை பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். மகன் செத்ததை நம்ப மனசில்லை, பாவம் என்றார்கள் உறவுக்காரர்கள். எனக்குப் பாவம் பார்க்கத் தெம்பில்லை. மற்ற வீடுகளில் அடக்கமே முடிந்துவிட்டது. என் புருஷன் முகத்தை இனிப் பார்க்க முடியாது என்று எனக்கும் தெரியும். ஒரு பிடி மண் போட ஒரு கபர், அவ்வளவுதான் கேட்டேன்.

அசராமல் இருந்தது மாமியின் தங்கை ரைஹானா சின்ன மாமி மட்டும்தான். சேதி கேட்டதுமே வேலப்பன்சாவடியிலிருந்து வந்தவர். டீ போடுவதும் பாத்திரம் தேய்ப்பதுமாகவே இருந்தார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. கல்நெஞ்சக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி ஆட்கள் மறுபடி வந்த அன்று கூடம் நிறைய ஜனம். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னா மாமி, உங்க புள்ளைய அங்கியே உட்டுட சொல்றீங்களா? ஒரு ஊசி குத்துனா செத்தா பூடுவீங்க?" என்று கத்தினேன்.

மாமி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என் ரத்தம் ஒத்து வராது நிஷா. நான் பெக்கல அவன."

மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"என் வயித்துல எதுவும் தங்கல. என் தங்கச்சிதான் பெத்து, ஊருக்குத் தெரியாம என் மடில போட்டா. அவனுக்கே தெரியாது. சாவுற வரிக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு அவ கைல சத்தியம் வாங்கினேன்."

சின்ன மாமி ஈரக்கையோடு சமையலறை வாசலில் வந்து நின்றார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"அக்கா, நான் யார் கிட்டயும் சொல்லலக்கா," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை நாள் இந்த மனுஷியிடமா டீ வாங்கிக் குடித்தேன்?

"அப்போ இவங்கதான் அம்மாவா?" என்று கேட்டாள் ரத்தம் எடுக்க வந்த பெண்.

மாமி தங்கையைத் திரும்பிப் பார்த்தார். "ஆமா, அப்டியே எழுதிக்கோ," என்றார்.

ஊசி ஏறும்போதும் சின்ன மாமி பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தார். மாமி பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"இன்னும் இன்னாத்துக்குடி அடக்கிகினு கீறே? அழு. உன் புள்ளடி."